கோழிப் படத்துக்கு முக்காடு

ராயபுரம் கடலோரத்துக் குழந்தைகளுக்குப் பேச்சு வரவில்லை என்று அதுவரை யாரும் குறைப்பட்டதில்லை. அவர்கள் வாயை எப்படி மூடுவது என்பதுதான் பெற்றவர்களின் கவலையாக இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷவாக்கில் நகரச் சிசு போதனா சபை என்று ஒன்று பிறந்தது. பிறந்துவிட்ட சபைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டுமே! தீர ஆராய்ந்ததில், இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூடத் தான் பேசும் சொல் எந்த ஒலியில் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை எனக் கண்டுபிடித்தார்கள். அது தெரியாமலேயே அந்தப் பிள்ளைகள் இத்தனை நாளும் சோறு கேட்டு வாங்கித் தின்று வந்திருக்கின்றன என்ற செய்தி சபையை மிகவும் வருத்திற்று.

சபையின் தலைவர் ராவ்பகதூர் தணிகாசலம் சீமைக்குப் போனவரல்ல. போய்வந்த ஒருவரோடு ரயிலில் பேசிக்கொண்டு வந்தவர். அந்தப் பேச்சிலிருந்து முதலொலி முறை என்ற போதனா முறையை உண்டாக்கினார். ஆசிரியை ஒரு படத்தைக் கையில் பிடிக்க வேண்டும். படத்திலுள்ள பொருளின் பெயர் எந்த ஒலியில் தொடங்குகிறதோ அந்த ஒலியை முதலில் சொல்ல வேண்டும், பிறகு பெயரைச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுவரை நல்லதுதான். ஆனால் சபை இதுவரையோடு நிற்கவில்லை. ஆசிரியை சொல்லாத ஒலியைப் பிள்ளைகள் தாமாகச் சொல்லக்கூடாது. வகுப்பறைக்குள் ஆசிரியையைத் தவிர வேறு யாரும் ஒலி சொல்லிக்கொடுக்கக்கூடாது. சபை அச்சடித்த படங்களைத் தவிர வேறு பொருளைக் காட்டக்கூடாது. ஓர் ஒலி விட்டுப்போனாலும் வகுப்புக்கு அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் இல்லாத வகுப்பின் பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள்.

கடற்கரையை ஒட்டி இருந்த பழைய உப்புக் கிடங்கில் இந்த வகுப்பைத் திறந்தார்கள். கருவாட்டு வாடைக்குப் பயந்து படித்த பெண்கள் யாரும் வரவில்லை. அதனால் மிஷன் பள்ளியில் அஞ்சாவது வரை படித்த குப்பத்துப் பெண் அங்கம்மாவுக்கு அந்த வேலை கிடைத்தது. அவள் புருஷன் கோதண்டம் கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவன். அங்கம்மாவுக்குத் தன் பிள்ளை என்று ஒன்றும் இல்லை. காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போகிற பூவம்மாவும் மற்றவர்களும் இடுப்பிலிருந்து இறக்கி விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளெல்லாம் அந்தக் கிடங்குக்குள் வந்ததும் அவளுடையவை ஆகிவிடும். "டீச்சரம்மா" என்று அவை கத்திக்கொண்டு ஓடிவரும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அந்த வகுப்பு போய்விட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவே பயந்தாள்.

வேலையில் ஒரே ஒரு சங்கடம். சபை அனுப்பிய படங்களில் ஒன்று கோழி. ஒலி, 'கோ'. அங்கம்மாவின் புருஷன் பெயர் கோதண்டம்.

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்வதில்லை என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அது இன்னும் கடுமை. பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும், அதுவும் அவன் தண்ணீர் மேல் இருக்கும்போது சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். அங்கம்மாவின் மாமியார் பட்டம்மாள் அந்தப் பெயரோடு நிறுத்தவில்லை. பெயர் ஆரம்பிக்கிற சத்தமே மருமகள் வாயில் வரக்கூடாது என்று கல்யாணமான முதல் நாளே கட்டளை போட்டுவிட்டு, பெரிய மகனோடு எண்ணூருக்குப் போய்விட்டாள். கட்டளை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து அங்கம்மாவுக்குக் கோயில் 'சாமி வூடு'. கோலம் 'வாசப்புள்ளி'. கோழி 'கொண்டக்காரி'. ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தது.

வகுப்பில் கோழிப் படம் வந்த அன்று அங்கம்மா என்ன செய்வாள் பாவம்! படத்தைத் தூக்கினாள். முந்தானையை இழுத்துத் தலைக்கு முக்காடு போட்டாள். தலையைக் குனிந்து, கால் கட்டைவிரலால் தரையைக் கீறி, வெட்கமாகச் சிரித்தாள். அப்புறம் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆசிரியை செய்ததை அப்படியே செய்தன.

சபையின் இன்ஸ்பெக்டர் கருணாகரன் வகுப்பைப் பார்வையிட வந்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மீன் படத்தைக் காட்டினார். "மீ! மீனு!" என்று கூரை அதிர்ந்தது. வண்டியைக் காட்டினார். "வ! வண்டி!" கருணாகரனுக்குத் திருப்தி. கோழியைக் காட்டினார்.

கிடங்கு நிசப்தமாயிற்று. பாவாடை கட்டிய பெண்கள் பாவாடையைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஒன்றுமே கட்டாத பையன்கள் இரண்டு கையையும் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார்கள். எல்லோரும் குனிந்து, கட்டைவிரலால் தரையைக் கீறி, புதுப்பெண் மாதிரி சிரித்தார்கள்.

கருணாகரன் படத்தைத் திருப்பித் தாமும் ஒருமுறை பார்த்தார். வெட்கப்படும்படியாக அதில் ஒன்றும் இல்லை. நல்ல வயசுவந்த கோழிதான்.

"அம்மணி, இது என்ன?"

"அது வந்து சார்... கொண்டக்காரி."

"இதன் முதலொலி?"

அங்கம்மா முக்காடு போட்டுக்கொண்டாள். பிறகு மெல்லக் காரணத்தைச் சொன்னாள். "புள்ளைங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும் சார். வூட்ல அல்லாம் பேசறதுதான். பூவம்மாவ இட்டாந்து ஒரு தபா சொல்லிக் குடுக்கச் சொல்லவா? அவ வூட்டுக்காரரு பேரு வேற."

"பூவம்மா சபையால் நியமிக்கப்பட்ட வாய் அல்ல" என்றார் கருணாகரன்.

விஷயம் சபைக்குப் போயிற்று. அங்கம்மாவையும் வரச்சொன்னார்கள். நீளமான மேஜை, மேலே ஆள் இழுத்து ஆட்டும் பங்கா, சுவரில் சக்கரவர்த்தியின் படம். ராவ்பகதூர் தணிகாசலம் எழுந்து பேசினார்.

"கனவான்களே! மத ஆசாரங்களில் தலையிடுவதில்லை என்பது சர்க்காரின் கொள்கை. சர்க்கார் தலையிடாத இடத்தில் நாமும் தலையிடமாட்டோம். சர்க்கார் தலையிடுகிற இடத்திலும் நாம் தலையிட்டதில்லை. ஆகவே இந்த அம்மாளை அந்த ஒலியைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த நமக்கு அதிகாரம் கிடையாது. அதே சமயம் ஓர் ஒலி குறைவதை அனுமதிக்கவும் நமக்கு அதிகாரம் கிடையாது. அதிகாரம் இல்லாத இரண்டு காரியங்களுக்கு நடுவே, நாம் பூரண அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறோம்."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். அங்கம்மாவும் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டாள்.

வேறு ஆசிரியையைப் போடலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அப்படிப் போட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும், பிறகு இதைப் பற்றி ஆராய முடியாது என்று தலைவர் விளக்கினார். கேட்டவர் தம் கேள்விக்கு வருத்தம் தெரிவித்தார். அன்றைக்கே 'கோ' ஒலிக் குழு என்று ஒரு குழு அமைந்தது. குழுவுக்கு ஒரு வருஷம் ஆயுள், இரண்டு குதிரை வண்டி, கூட்டத்துக்குக் கூட்டம் பலகாரம். குழு கூடி, பலகாரம் சாப்பிட்டு, முதல் முடிவுக்கு வந்தது: ஒலி அடைபட்டிருப்பது புருஷனால். எனவே புருஷனே வந்து அதைத் திறந்துவிட வேண்டும்.

கோதண்டத்துக்கு உத்தரவு வந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்து, தன் ஒலியைத் தானே சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

"இன்னாமே இது பேஜாரு!" என்றான் கோதண்டம். "காத்து நல்லா கீற நாளா பாத்து என்னிய கரைல குந்த வெக்கிறானுங்களே."

"எனக்கோசரம் ஒரு தபா வா மாமா. இல்லாங்காட்டி வகுப்ப மூடிருவாங்க."

அவள் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு அவன் சட்டையைத் தேடினான். இருந்த ஒரே சட்டை கல்யாணத்துக்குத் தைத்தது. அதற்குள் தோளை நுழைத்துக்கொண்டு வந்து நின்றான். கருணாகரன் எதிரில் உட்கார்ந்து கவனித்தார். ஒரு கட்டுமரத்திலிருந்து இன்னொரு கட்டுமரத்துக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. "கோ...!" என்று அவன் ஆரம்பித்ததும் முன்வரிசைக் குழந்தை ஒன்று மூத்திரம் போய்விட்டது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

"கோ! கோலா மீனு!" என்றான் கோதண்டம்.

"கோலா! கோலா!" என்று பிள்ளைகள் குதித்தன. கோலா மீன் தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

கருணாகரன் கையைத் தூக்கி நிறுத்தினார். சபை அனுமதித்தது கோழி. கோலா அனுமதிக்கப்படவில்லை.

"சத்தம் ஒண்ணுதானே சாமி?"

"சத்தம் ஒன்றாக இருக்கலாம். படம் வேறு."

மேலும் விசாரித்ததில், கோதண்டம் போதனா முறைப் பயிற்சி பெறாதவன் என்பதும் வெளிப்பட்டது. ஓர் ஒலி மட்டும் சொல்லித்தர வேண்டுமானாலும் எல்லா ஒலிகளிலும் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். எழுதப் படிக்க முதலொலி வகுப்பில் தேறியிருக்க வேண்டும். அதற்கு வயது கடந்துவிட்டபடியால் கோதண்டத்தை நீக்கிவிட்டார்கள்.

குழு மறுபடி கூடிற்று. இந்தத் தடவை குழுவிலிருந்த வக்கீல் ஒரு யோசனையோடு வந்திருந்தார். கோதண்டத்தையும் அங்கம்மாவையும் எதிரில் நிறுத்திக்கொண்டு சொன்னார்:

"தமிழில் சில எழுத்துகள் எந்தச் சொல்லுக்கும் முதலில் வருவதில்லை. ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கின்றன. அவற்றுக்குப் படமும் கிடையாது, பாடமும் கிடையாது. இவருடைய பெயரை அப்படி ஓர் எழுத்தில் ஆரம்பித்துவிட்டால் என்ன? ஆசாரமும் காப்பாற்றப்படும், ஒலியும் விடுதலையாகும். உதாரணமாக, ஙோதண்டம்."

உறுப்பினர்கள் ஆளுக்கொரு முறை சொல்லிப் பார்த்தார்கள். வயது முதிர்ந்த ஒருவருக்குப் புரையேறிவிட்டது. அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தபின், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று.

கோதண்டம் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பணிவாகத்தான் கேட்டான். "சாமி, எங்க நைனா வெச்ச பேரு அது. அது போவட்டும். நான் கடல்ல உழுந்துட்டா கூட கீறவன் என்னிய இன்னான்னு கூப்டுவான்? நீங்க சொல்ற பேர அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் முழுகிப் பூடுவேனே!"

"அது மீன்பிடி இலாகாவைச் சேர்ந்த விஷயம்" என்றார் தலைவர்.

கோதண்டம் மாட்டேன் என்றுவிட்டான். சபைக்கு வந்ததே கோபம்! சபை இவ்வளவு பாடுபட்டும் குடும்பம் ஒத்துழைக்கவில்லை என்று எழுதினார்கள். வரும் வெள்ளிக்கிழமை தலைவரே வந்து பார்வையிடுவார், அப்போதும் அந்த ஒலி நியமிக்கப்பட்ட வாயிலிருந்து வராவிட்டால் வகுப்பை மூடிவிடலாம் என்று முடிவாயிற்று.

அந்த நாலைந்து நாளும் அங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பூவம்மா தன் மகள் கன்னியம்மாவை இறக்கிவிடும்போது கேட்டாள்: "இன்னா அங்கம்மா, மூடிருவானுங்களா? இந்தப் புள்ளய அப்பால எங்க உடுவேன் நான்? கூடைல மீனோட மீனா வெச்சு தூக்கிகினு போவவா?" அங்கம்மா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "டீச்சரம்மா, மீ" என்றது.

வெள்ளிக்கிழமை காலையில் காற்று சரியில்லை. போகாதே என்று சொல்ல அங்கம்மாவுக்கு வாய் வரை வந்தது. ஆனால் கடலுக்குக் கிளம்புகிறவனை மறித்துப் பேசுவதும் ஆகாது. கோதண்டம் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். போகட்டும், இன்றைக்குப் பார்த்து அவன் கரையில் இருந்திருக்கக்கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அவன் மேலா, சபை மேலா, தன் நாக்கின் மேலா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ராவ்பகதூர் ஜரிகைத் தலைப்பாகையோடு வந்து உட்கார்ந்தார். குழு முழுவதும் வந்திருந்தது. கூடையில் பலகாரமும் வந்திருந்தது. கருணாகரன் கோழிப் படத்தை நீட்ட, அங்கம்மா வாங்கி உயர்த்தினாள். பிள்ளைகள் பழக்கப்படி கையைத் தலைக்குக் கொண்டுபோயின.

அங்கம்மா முந்தானையைத் தொட்டாள். இழுக்கவில்லை. வாசல் வழியாகக் கடல் தெரிந்தது, அலை பெரிதாக இருந்தது. முன்வரிசையில் கன்னியம்மா தன் பாவாடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த மூஞ்சியைப் பார்த்ததும் அங்கம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கங்கையம்மா, அந்த ஆளக் காப்பாத்து, தப்பு என்னோடதா போவட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கோ" என்றாள். ஒலி ஒருமுறை வந்ததும் அதன் பின்னாலேயே மற்றதும் வந்துவிட்டது. "கோதண்டம்!"

பாவாடைகள் இறங்கின. "கோ! கோதண்டம்!" என்றன பிள்ளைகள். அதோடு நிற்கவில்லை. இத்தனை மாதமாகத் தலைக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டிற்று. "கோ! கோலா!" "கோ! கோணி!" "கோ! கோயிலு!" "டீச்சரம்மா, கோ! கோழி! த பாரு, கோழி!"

கருணாகரன் தலைவரைப் பார்த்தார். தலைவர் குழுவைப் பார்த்தார். குழு பலகாரக் கூடையைப் பார்த்தது. குழுவுக்கு இன்னும் எட்டு மாதம் ஆயுள் பாக்கி இருந்தது.

ராவ்பகதூர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "இந்த அம்மாளால் இந்த ஒலியைச் சொல்ல முடியாது என்று சபை தீர விசாரித்து முடிவு செய்திருக்கிறது. சபையின் முடிவு தவறாக இருக்க முடியாது. ஆகவே இப்போது அவர் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஏதோ ஓர் இரைச்சல் எழுந்தது உண்மை. அது கடலிலிருந்து வந்திருக்கலாம். அந்த ஒலி என் செவிக்கு எட்டவில்லை. உங்களுக்கு?"

ஒருவர் செவிக்கும் எட்டவில்லை. புரையேறிய கிழவர் மட்டும், "எனக்கு லேசாக..." என்று ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவர் அவர் வாயில் ஒரு லட்டைக் கொடுத்தார்.

வகுப்பை மூடினார்கள். காலியான இடத்தில், கடல்காற்று நன்றாக வருவதால், 'கோ' ஒலிக் குழு இனிக் கூடும் என்றும் அங்கேயே தீர்மானித்துவிட்டார்கள். அங்கம்மா எதையும் காதில் வாங்கவில்லை. அவள் கரைக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

கட்டுமரங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் அவள் பார்த்துவிட்டு, அதில் அவன் இல்லை என்றதும் அடுத்ததைப் பார்த்தாள். தன் வாயைத் தானே அறைந்துகொண்டாள். கடைசியில், பொழுது சாய்கிற நேரத்தில், ஒரு மரம் அலையில் ஏறி இறங்கி வந்தது. கோதண்டம் நனைந்த உடம்போடு குதித்து, மரத்தை இழுத்துக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"இன்னாமே, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

அவள் விம்மிக்கொண்டே சொன்னாள். பெயரைச் சொல்லிவிட்டதையும், சொல்லியும் மூடிவிட்டதையும் சொன்னாள். கோதண்டம் கயிற்றைக் கீழே போட்டான். அவனுக்குக் கோபம் வரும் என்றுதான் அவள் நினைத்தாள்.

"என் பேர நீ சொன்னியா?"

"ஆமா."

"அத்தினி பேரு எதுர்லயா?" அவன் முகத்திலிருந்து தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டான். "கண்ணாலம் கட்ன நாள்லேர்ந்து ஒரு தபா கூட நான் கேட்டதில்ல. எங்க, இப்ப சொல்லு. நான்தான் கரைல கீறேனே."

அங்கம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் பூவம்மா வழக்கம்போல் கன்னியம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கிடங்குக் கதவில் சபையின் பலகை தொங்கியது. "எங்க எறக்கி உட?" என்று கேட்டாள். கிடங்குச் சுவருக்கு வெளியே, வலை காயப்போடுகிற மணலில் அங்கம்மா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி மற்ற பிள்ளைகள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தன. பெரிய பள்ளிக்கூடத்தில் இவர்களைச் சேர்ப்பார்களா என்று அவளுக்குத் தெரியாது. சேர்க்காவிட்டால் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, எல்லா ஒலியையும் ஒரே மூச்சாகக் கத்தவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

படம் ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் காட்டினாள். வலை, நண்டு, காக்காய், துறைமுகத்தில் நிற்கிற கப்பல். அப்போது கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கோதண்டம் அந்தப் பக்கம் போனான். "கோ! கோதண்டம்!" என்று மொத்த வகுப்பும் அலறியது. அவன் துடுப்பைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அந்த ஒலி பிடித்துப்போய், பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பக் கத்தின.

கிடங்குக்குள்ளிருந்து சபையின் சேவகன் சின்னப்பையன் வந்தான். பெயர்தான் அப்படி, ஆள் நரைத்த மீசைக்காரன், அந்தக் குப்பத்துக்காரன்தான். தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தான்.

"டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காத. ஐயாமாருங்க உள்ள மீட்டிங்ல கீறாங்க. அந்தச் சத்தத்த புள்ளைங்க வாய்ல எப்டி வரவெக்கிறதுன்னு பேசிகினு கீறாங்க. இங்க கத்தற கத்துல அவங்க பேசறது அவங்களுக்கே கேக்கலயாம். கொஞ்சம் வாய மூடிக்கச் சொன்னாங்க."

"இன்னா சத்தம் கேக்குதாம் அவங்களுக்கு?"

"இன்னா சத்தம்? கோன்னுதான்."

"கேக்குதுன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுக்கச் சொல்லு" என்றாள் அங்கம்மா. "அப்பால நிறுத்தறேன்."

சின்னப்பையன் உள்ளே போனான். உள்ளே பேச்சு நின்றது. வெகுநேரம் ஆகியும் அவன் திரும்பி வரவில்லை. அங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"எங்க, இன்னொரு தபா. உள்ள கீறவங்களுக்கும் காது கேக்கணும்."